நடு அடுக்கு

பிப்ரவரி 3, திங்கள்

என் ஆய்வேட்டுக்குத் தேர்வாளர் அறிக்கை வந்துவிட்டது. ஒன்பது பக்கம். எட்டரைப் பக்கம் பாராட்டு, படிக்கப் படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது. கடைசி அரைப் பக்கத்தில் ஒரே ஒரு திருத்தம்: இவ்வளவு நல்ல முடிவு அபூர்வம் என்பதால், புதிதாகக் கொண்டுவந்த கச்சா எண்ணெயில் சோதனையை ஒருமுறை திரும்பச் செய்து காட்ட வேண்டும். எட்டு வாரம் அவகாசம்.

சம்பந்தமூர்த்தி சார் சிரித்தார். அவர்தான் என் கைடு. மே மாதம் ஓய்வு பெறுகிறார், நான் அவருடைய கடைசி மாணவி. "ஆளுக்கு ஆச்சரியம் தாங்கல, அதான் திருப்பிக் கேக்குறார். ஒரு சீரீஸ் போட்டுக் குடுத்துட்டு வேலையப் பாருங்க நாயகி" என்றார்.

வேலை என்றால் நிஜமாகவே வேலை. தாம்பரம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் துணைப் பேராசிரியர் இடம் இருக்கிறது. ஜூன் மாதம் பட்டத்தோடு போனால் எனக்கு, இல்லாவிட்டால் வேறு யாருக்கோ. எனக்கு முப்பத்தெட்டு வயது, இது ஏழாவது வருடம். பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பும் ஜூனோடு சரி, அதற்கு மேல் பதிவே ரத்து.

பாலகுரு பாயசம் வைக்கச் சொன்னார். கணவருக்கு எதற்கெடுத்தாலும் பாயசம். "பட்டம் வரட்டும், இப்ப சிலிண்டர் தீர்ற மாதிரி இருக்கு" என்று சொல்லி உப்புமா கிண்டினேன். ஆனால் மனசு குளிர்ந்துதான் இருந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

நாகப்பட்டினம் பக்கத்து எண்ணெய் வயலிலிருந்து புது கேன் வந்தது. இருபது லிட்டர், அதே கிணற்று எண் ஒட்டியிருக்கிறது. அனுப்பியவர் இருதயராஜ், அங்கே கெமிஸ்ட். என் பழைய கேனை ஐந்து வருடத்துக்கு முன் அனுப்பியவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டாராம்.

இந்த டைரியைப் படிக்க மாட்டேன் என்று பாலகுரு சத்தியம் செய்திருக்கிறார். எப்படியும் படிப்பார். அவருக்காக ஒரு முறை எழுதிவைக்கிறேன், பிறகு என் ஆராய்ச்சி என்ன என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது விழிக்க வேண்டாம்.

எண்ணெயும் தண்ணீரும் சேராது. சோப்பு இனத்து ரசாயனம் ஒன்றைப் போட்டால் சேரும். எப்படிச் சேரும் என்பதை உப்பு முடிவு செய்கிறது. உப்பு குறைவென்றால் சோப்பு தண்ணீர்ப் பக்கம் நின்றுகொண்டு கொஞ்சம் எண்ணெயைக் கீழே இழுத்துக்கொள்ளும். உப்பு அதிகமென்றால் கட்சி மாறி எண்ணெயோடு போய்விடும். இரண்டுக்கும் இடையில் ஏதோ ஓர் உப்பளவில் எந்தப் பக்கமும் போகாது. எண்ணெயிலும் தண்ணீரிலும் சரிபாதி எடுத்துக்கொண்டு தனியாக ஒரு மூன்றாவது அடுக்காக நிற்கும். மேலே எண்ணெய், கீழே தண்ணீர், நடுவில் தேன் நிறத்தில் அது. அந்த நடு அடுக்கு வந்துவிட்டால், பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டு எந்தப் பம்புக்கும் அசையாத எண்ணெய்கூட நழுவி வெளியே வரும். மற்றவர்களுக்கு அது ஒரு குழாயில், மிஞ்சினால் இரண்டு குழாயில் வரும். எனக்கு இருபது குழாயில் ஒன்பதில் வந்தது. அதுதான் என் ஆய்வேடு.

இன்று ஒரு சீரீஸ் போட்டேன், இருபது பிப்பெட், அதாவது மெல்லிய கண்ணாடிக் குழாய். ஒவ்வொன்றிலும் ஒரு படி கூடுதல் உப்பு. நிரப்பி, கண்ணாடி வாயைச் சுடரில் காட்டி, இளகும்போது இடுக்கியால் இழுத்து மூட வேண்டும். மூடிய இடத்தில் மயிரிழை அளவு ஓட்டை இருந்தாலும் எழுபது டிகிரி ஓவனில் ஆவியாகி மட்டம் இறங்கிவிடும், பிறகு அந்தக் குழாய் எதற்கும் உதவாது. எங்கள் துறையில் ஒருவருடைய லட்சணம் இந்த சீலில் தெரிந்துவிடும். தணிகாசலம் சார் கோட்டை விட்டது இதில்தான்.

பிப்ரவரி 10, திங்கள்

நான்காம் நாள். எல்லாக் குழாயும் கலங்கலாக இருக்கிறது. இன்னும் தெளியவில்லை, அவசரப்படக் கூடாது.

தண்ணீர் லாரி வரவில்லை. கீழ்வீட்டுக்காரியோடு சண்டை. மோட்டாரை அவள் போட்டால் அவளுக்கு மட்டும் ஏறுகிறது, நான் போட்டால் ஊருக்கே ஏறுகிறது.

தணிகாசலம் சாரைப் பற்றி எழுதிவிட்டு அப்படியே விட்டேன். திருத்தணிக்காரர். பாலிடெக்னிக் வேலையை விட்டுவிட்டு, மனைவி, பெண் குழந்தையோடு சென்னைக்குக் குடிவந்து, நாற்பது வயதில் எங்கள் லேபில் சேர்ந்தவர். என் முடிவை வைத்துக்கொண்டு அடுத்த கட்டத்தைச் செய்ய வேண்டியவர். அதற்கு முதலில் என் முடிவு அவருக்கும் வர வேண்டும். இரண்டு வருடம் போட்டார், ஒரு குழாயில்கூட நடு அடுக்கு வரவில்லை. கமிட்டி உட்கார்ந்தது. அவர் குழாய்களைப் பரிசோதித்துச் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். சீல் சரியில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு வருடம் முன்னால் நடந்தது இது.

நான் பார்த்ததைத்தான் எழுதினேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

எட்டாம் நாள். வரவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

பன்னிரண்டாம் நாள். பழைய எண்ணெயில் பத்தாம் நாளே தேன் நிறம் வந்து நிற்கும். இதில் மேலே எண்ணெய், கீழே தண்ணீர், இரண்டுக்கும் இடையில் திரிந்த பால் மாதிரி வெள்ளையாக ஒரு ஆடை. குழாயைச் சாய்த்தால் அசையக்கூட மாட்டேன் என்கிறது, சனியன்.

இந்த வெள்ளை ஆடையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். தணிகாசலம் சாருடைய குழாய்களில்.

என்னுடைய இருபதில் நான்கு மட்டம் இறங்கியிருக்கின்றன. அது சகஜம். யார் சீல் வைத்தாலும் இருபதுக்கு மூன்று நான்கு போகத்தான் செய்யும்.

பிப்ரவரி 20, வியாழன்

உப்பு டப்பாவை மாற்றினேன். சோப்பு ரசாயனத்துக்குத் தேதி முடிந்துவிட்டதா என்று பார்த்தேன், முடியவில்லை. ஓவனில் வேறு தெர்மாமீட்டர் வைத்தேன், அதே எழுபது. எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து இரண்டாவது சீரீஸ் போட்டேன்.

பாலகுரு கேட்டார், "என்ன தில்லை, முகம் ஏன் இப்படி இருக்கு?" வெயில் என்றேன்.

பிப்ரவரி 27, வியாழன்

இரண்டாவது சீரீஸிலும் அதே வெள்ளை ஆடை. புது எண்ணெயில்தான் ஏதோ கோளாறு என்று இருதயராஜுக்குப் போன் போட்டேன். கொஞ்சம் காரமாகவே பேசினேன். கேன் சுத்தமாக இருந்ததா, வேறு கிணற்று எண்ணெய் கலந்துவிட்டதா என்று குடைந்தேன். அவர் கோபப்படவில்லை.

"மேடம், எதுக்கும் ஒண்ணு கேக்கறேன். ஒங்க பழைய கேனு எங்க புடிச்சது? கெணத்து வாயிலயா, ஸ்டேஷன் டேங்க்லயா?"

"என்ன வித்தியாசம் சார்? ஒரே கிணறுதானே."

"கெணறு ஒண்ணுதான் மேடம். ஆனா கெணத்துலேந்து வர்றது தண்ணியும் எண்ணெயும் மோரு கணக்கா கலந்துல்ல வரும். அதப் பிரிக்கறதுக்காக வழியிலயே ஒரு கெமிக்கல சொட்டு சொட்டா பைப்புக்குள்ள ஏத்துவோம். டேங்க்ல இருக்கறது அது ஏறுன எண்ணெ. ஒங்கள மாதிரி லேபுக்குன்னா கெமிக்கல் ஏறறதுக்கு முன்னாடி, கெணத்து வாயிலதான் புடிக்கணும். நான் இப்ப அனுப்புனது அப்படிப் புடிச்சதுதான்."

பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். அரை மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார். என் கேன் டேங்கிலிருந்து பிடித்தது. அப்போது இருந்தவர், கிட்டத்தில் இருக்கிறதே என்று குழாயைத் திறந்து நிரப்பிவிட்டுக் கிணற்று நம்பரை ஒட்டி அனுப்பியிருக்கிறார். நானும் நம்பரைப் பார்த்துவிட்டு வாங்கிவைத்துக்கொண்டேன். எங்கே பிடித்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு எண்ணெய் என்றால் கேனில் வருவது.

"ஒங்க லேபுலேந்து முன்னாடி ஒரு சார் வந்தாரே, அவரு கரெக்டான ஆளு" என்றார் இருதயராஜ். "அப்ப நான் இங்க புதுசு. உச்சி வெயில்ல நாலு மணி நேரம் நின்னு, கெமிக்கல் பம்ப நிறுத்தச் சொல்லி, லைன் சுத்தமாகறவரைக்கும் காத்திருந்து, கெணத்து வாயில தானே புடிச்சிட்டுப் போனாரு. தணிகாசலமோ என்னமோ பேரு. அவரக் கேட்டாக்கூட சொல்லுவாரே."

சரி சார் என்று வைத்தேன். மதியம் கொண்டுபோன தயிர்சாதத்தை அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன்.

மார்ச் 3, திங்கள்

இருதயராஜ் கூரியரில் ஒரு சின்ன பாட்டில் அனுப்பியிருக்கிறார். அந்தக் கெமிக்கல். பழுப்பு நிறம், வாசனை பெயிண்ட் கடை மாதிரி.

புது எண்ணெயில் வயலில் ஏற்றும் அதே அளவு கலந்தேன். ஒரு லிட்டருக்கு மூன்று சொட்டுகூட வராது. இருபது குழாய் போட்டேன். பத்து நாள் ஆகும்.

அது ஒன்றும் செய்யாது என்றுதான் நினைக்கிறேன். மூன்று சொட்டு என்ன செய்துவிடும்.

மார்ச் 8, சனி

பாலகுருவின் தங்கை வீட்டில் காதணி விழா. எல்லோரும் "டாக்டரம்மா" என்றார்கள். ஒரு சித்தி முட்டிவலிக்கு மாத்திரை கேட்டாள். நான் அந்த டாக்டர் இல்லை என்றேன். அப்படியானால் எந்த டாக்டர் என்று கேட்டாள்.

மார்ச் 13, வியாழன்

வந்துவிட்டது.

ஒன்பது குழாயில், தேன் நிறத்தில், கண்ணாடி மாதிரி தெளிவாக. என் ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கும் படமும் இதுவும் ஒன்றுதான். பக்கத்து ஸ்டாண்டில் கெமிக்கல் கலக்காத குழாய்கள், அதே எண்ணெய், அதே உப்பு, வெள்ளை ஆடையோடு நிற்கின்றன.

நான் கண்டுபிடித்தது எதுவுமில்லை. என் சோப்பு தனியாக ஒன்றும் செய்யவில்லை. யாரோ பைப்பில் ஏற்றிய மூன்று சொட்டு என் சோப்போடு கூட்டுச் சேர்ந்து செய்த வேலைக்கு நான் ஐந்து வருடமாகப் பெயர் வாங்கிக்கொண்டிருந்தேன். தணிகாசலம் சார் வெயிலில் நின்று சரியான எண்ணெயைப் பிடித்துவந்தார். சரியான எண்ணெயில் வராது என்பதுதான் உண்மை, அதைத்தான் அவர் குழாய்கள் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தன. நானும் எல்லோரையும் போல என் எண்ணெயைக் கிணற்று வாயில்தான் பிடித்திருப்பேன் என்று அவர் நம்பியிருப்பார். அந்த நம்பிக்கைதான் அவரைக் கவிழ்த்தது.

லேப் கழிப்பறையில் போய் உட்கார்ந்து அழுதேன். அவருக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

சாரிடம் சொன்னேன். இரண்டு ஸ்டாண்டையும் எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். நாற்பது வருடம் இதையே பார்த்தவர், விளக்க வேண்டியிருக்கவில்லை.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"பழைய கேன்ல எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"அரை லிட்டர் இருக்கும்."

"ஒரு சீரீஸுக்குத் தாராளமாப் போதுமே."

"தேர்வாளர் புது எண்ணெய் கேட்டிருக்கார் சார்."

"திரும்பச் செய்யச் சொன்னார். செய்யறோம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாயகி, பேப்பர் வந்து நாலு வருஷம் ஆச்சு. அறுபது பேர் அதை மேற்கோள் காட்டியிருக்காங்க. நான் மே மாசம் போயிடுவேன். உங்களுக்கு ஜூன்ல பதிவு முடியுது. இப்பப் போய் இதைக் கிளறினா யாருக்கு நல்லது?"

"தணிகாசலம் சாருக்கு..."

"அவரே கையெழுத்துப் போட்டுக் குடுத்த லெட்டர் ஃபைல்ல இருக்கு. என் கவனக்குறைவாலதான்னு எழுதிக் குடுத்திருக்கார். முடிஞ்சுபோன விஷயம் அது."

அந்தக் கடிதத்தைப் பற்றி இதுவரை எழுதவில்லை. கையெழுத்துப் போட்டால்தான் அவருடைய அசல் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுப்போம் என்று ஆபீசில் சொன்னார்கள். அவருக்கு ஆங்கிலம் தடுமாறும். எழுதிக் கொடுத்தது நான். "எனது கவனக்குறைவு" என்று இருந்ததை "எனது தொடர்ந்த கவனக்குறைவு" என்று மாற்றியதும் நான்தான். அப்படி எழுதினால் வாக்கியம் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

மார்ச் 17, திங்கள்

பழைய எண்ணெயில் இருபது குழாய் போட்டேன். மூன்று சீல் சரியாக வரவில்லை. உடைத்துவிட்டுத் திரும்பச் செய்தேன்.

மார்ச் 22, சனி

தணிகாசலம் சாருக்குப் போன் செய்தேன். சொல்லிவிடுவது என்றுதான் செய்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கையில் வைத்திருந்தேன்.

"மேடம், நல்லாருக்கீங்களா? உங்க பேரப் பாத்ததும் பட்டம் வந்துடுச்சின்னே நெனச்சேன்" என்றார். அந்தக் குரலில் துளி கசப்பு இல்லை. திருத்தணியில் ஒரு தனியார் ஐடிஐ-யில் பாடம் எடுக்கிறாராம்.

"தியரி மட்டுந்தான் எடுக்கறேன் மேடம். பிராக்டிகல் குடுத்தாங்க, நானே வேணான்னுட்டேன். என் கை மேலயே எனக்கு நம்பிக்கை இல்ல. வீட்ல கேஸ மூடிட்டு மூணு வாட்டி போய்ப் பாக்கறேன். பைக்க ஸ்டாண்டு போட்டுட்டுத் திரும்ப வந்து ஆட்டிப் பாக்கறேன். எம் பொண்ணு சிரிக்குது."

"சார், அன்னிக்கு உங்க குழாய் இருபதுல மூணுதான் மட்டம் இறங்கி..."

"அத விடுங்க மேடம். நானே உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன். வேற யாராச்சும்னா மூஞ்சிக்கு நேரா சிரிச்சிட்டுப் பின்னாடி பேசியிருப்பாங்க. நீங்க நேராவே எழுதிக் குடுத்தீங்க. இல்லன்னா இன்னும் ரெண்டு வருஷம் அதையே கட்டிக்கிட்டு அழுதிருப்பேன்."

தாளில் இருந்த நான்கு வரியில் ஒரு வரிகூட வரவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "ஏப்ரல்ல வைவா இருக்கும் சார், நீங்க கண்டிப்பா வரணும்" என்றேன்.

"கண்டிப்பா வரேன் மேடம்" என்றார். இதைவிடக் கேவலமாக ஒரு போன் நான் செய்ததில்லை.

மார்ச் 27, வியாழன்

பழைய எண்ணெயில் நடு அடுக்கு வந்தது. ஒன்பது குழாய். படம் எடுத்து அறிக்கையில் சேர்த்து அனுப்பிவிட்டோம். "புதிய தொகுதியிலும் உறுதி செய்யப்பட்டது" என்ற வரியைச் சார் எழுதினார். கீழே கையெழுத்து என்னுடையது.

ஏப்ரல் 3, வியாழன்

ஏற்றுக்கொண்டார்கள். வைவா 24ஆம் தேதி.

புது கேனில் மிச்சமிருந்த எண்ணெயைக் கழிவு டிரம்மில் ஊற்றினேன். கெமிக்கல் போட்ட குழாய்களையும் உடைத்து அதிலேயே கொட்டினேன். இடம் அடைக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

பாலகுரு டைரியைப் படித்துவிட்டார். சத்தியம் எல்லாம் காற்றில். காலையில் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"இந்த தணிகாசலம் மனுஷன் என்ன பாவம் பண்ணாரு?"

நான் அடுப்பைத் துடைத்தேன்.

"சொல்லிரு தில்லை. வேலை போனாப் போவுது, இப்ப என்ன, சோத்துக்கா இல்ல? நான் இருக்கேன்ல."

அவ்வளவுதான் அவருக்கு. ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் முடிவு சொல்லிவிட்டார். ஏழு வருடம் அந்த ஓவன் முன்னால் நின்றவள் நான். குழந்தை வேண்டாம், முதலில் முடித்துவிடுகிறேன் என்று தள்ளிப்போட்டு, பிறகு வேண்டும் என்றபோது டாக்டர் உதட்டைப் பிதுக்கியதும் எனக்குத்தான். "உங்களுக்கென்ன, நல்லவனா இருக்கறது ஈஸி" என்று கத்தினேன். அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஆபீஸ் போனார். அவர் சொன்னது சரி என்பதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 16, புதன்

வைவாவுக்கு ஸ்லைடு செய்தேன். நாற்பத்திரண்டு ஸ்லைடு. பாலகுரு மூன்று நாளாகச் சாப்பாடு பற்றி மட்டும்தான் பேசுகிறார்.

ஏப்ரல் 24, வியாழன்

முடிந்தது. நான் இனி டாக்டர் தில்லைநாயகி.

நடந்ததை எழுதிவிடுகிறேன். செமினார் ஹாலில் முப்பது பேர் இருக்கும். தணிகாசலம் சார் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். முடி நிறைய நரைத்துவிட்டது. பாலகுரு கடைசி வரிசை. ஐந்தாம் அத்தியாயத்தின் படம் திரையில் வந்தபோது தணிகாசலம் சார் முன்னால் சாய்ந்து பார்த்தார். ஒவ்வொரு குழாயாகப் பார்த்தார். நான் அவர் பக்கம் திரும்பாமல் பேசினேன்.

தேர்வாளர் கேள்விகள் முடிந்தன. வைவாவில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது விதி, தலைவர் சபையைப் பார்த்து, "யாருக்காவது கேள்வி?" என்றார். தணிகாசலம் சார் எழுந்தார். முன்வரிசையில் சம்பந்தமூர்த்தி சாரின் கழுத்து விறைத்தது. கேட்கட்டும், எண்ணெய் எங்கே பிடித்தது என்று கேட்டுவிடட்டும், கேட்டால் சொல்லிவிடுகிறேன் என்று நினைத்தேன். அவர் அதைக் கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், எந்தச் சாமியையும் அதுவரை அப்படி வேண்டியதில்லை.

"கேள்வி இல்ல சார்" என்றார். "நானும் இதே லேப்ல ரெண்டு வருஷம் இருந்தேன். எனக்கு ஒரு தடவகூட வரல. இன்னிக்கித் திரையில பாத்தேன். இவ்ளோ அழகா வருமான்னு இருக்கு. மேடத்துக்கு வாழ்த்து சொல்லத்தான் எழுந்தேன்."

முதலில் அவர்தான் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். பாலகுரு தட்டினாரா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

வெளியே சமோசாவும் காபியும் கொடுத்தோம். தணிகாசலம் சார் ஓரமாக நின்றிருந்து, கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்தார். வேறொரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேர ஆராய்ச்சிக்கு மறுபடி விண்ணப்பித்திருக்கிறாராம். வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம்.

"சிரிக்காதீங்க மேடம். நாப்பத்திநாலு வயசுல ஆசை வுடல. ஒரே ஒரு ஒதவி. ஒருநாள் எனக்கு சீல் வைக்கச் சொல்லிக் குடுங்க. அதுலதானே கோட்ட வுட்டேன். அது மட்டும் சரியாயிட்டா மீதி நான் பாத்துக்கறேன்."

இங்கே சொல்லியிருக்கலாம். பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. அவர் கையில் பாதி சமோசா இருந்தது.

"செவ்வாய்க்கிழமை வாங்க சார்" என்றேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பாலகுரு பாயசம் வைத்தார். அவரே வைத்தார். ஒன்றும் சொல்லாமல் டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டுத் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

காலை பத்து மணிக்கு வந்தார். லீவு போட்டுவிட்டு முதல் ரயிலில் வந்திருக்கிறார். சொந்தமாக ஒரு இடுக்கி வாங்கி வந்திருந்தார், புதுசு.

பத்து பிப்பெட் கொடுத்தேன். முதலில் கை நடுங்கியது. "பாத்தீங்களா மேடம், இதான்" என்றார். நான் ஒரு குழாயை மூடிக் காட்டினேன். அதற்கப்புறம் நடுக்கம் நின்றுவிட்டது. கண்ணாடி இளகும் நேரத்துக்குச் சரியாக இழுத்தார், திருப்பினார், சுடரிலிருந்து எடுத்தார். ஒவ்வொன்றையும் எடை போட்டு எழுதி ஓவனில் வைத்தோம். மதியம் கேன்டீனில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். பெண் எட்டாம் வகுப்புப் போகிறாளாம்.

மூன்று மணிக்கு வெளியே எடுத்து ஆறவைத்து மறுபடி எடை போட்டேன். பத்திலும் துளி குறையவில்லை. தராசின் கடைசி இலக்கம்வரை அப்படியே இருந்தது. பத்துக்குப் பத்து எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. இந்த லேபில் யாருக்கும் வந்து நான் பார்த்ததில்லை.

எடை எழுதிய நோட்டு என் கையில் இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியாக இருக்கிறது என்று சொன்னால் அடுத்து அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். சீல் சரியென்றால் அந்த இரண்டு வருடம் ஏன் வரவில்லை என்று கேட்பார்.

நோட்டை மூடினேன்.

"பரவால்ல சார். ரெண்டு மூணுல லேசா இறங்கியிருக்கு. இன்னும் கொஞ்சம் பழகணும்" என்றேன்.

"அப்பவே நெனச்சேன் மேடம்" என்று தலையாட்டிவிட்டு, இன்னொரு பிப்பெட்டை எடுத்துச் சுடரில் காட்டினார்.